தோளில் சாய்த்த சம்பங்கிச் செண்டு

போன வாரம் விழுப்புரம் மாதா கோயிலில் உறவுக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம். பூசை முடிந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போன கல்யாணப் பெண், "தாத்தா, கொஞ்சம் புடிங்க" என்று தன் பூச்செண்டை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். ஜிகினாத் தாள் சுற்றி அழகாகத்தான் இருந்தது. பூ என்றால் மூக்கு சும்மா இருக்குமா? மோந்து பார்த்தேன். புது பிளாஸ்டிக் வாளியின் வாசனை. வாடகைச் செண்டாம். சாயங்காலம் கடையில் திருப்பித் தந்துவிட வேண்டுமாம்.

சம்பங்கி வாசனைக்குப் பழகிய மூக்கு என்னுடையது. அது ஒரு கதை.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் எனக்கு வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதுக்குள் மல்லாட்டைத் தூசி இருக்கும். விழுப்புரத்தில் எனக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டு வந்த அத்தை சொன்னாள்: "நகை கேக்கல, பட்டு கேக்கல. கோயில்ல கண்ணாலத்தப்போ ஒரு பூச்செண்டு மட்டும் இருக்கணுமாம். பொண்ணு வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். மாப்ள வூட்டு செலவுன்னுட்டேன்."

பெண்ணின் அம்மா ரயில்வே குவார்ட்டர்சில் துணி துவைப்பவர். அங்கே ஒரு சட்டைக்காரர், அதுதான் ஆங்கிலோ இந்தியர், வீட்டுக் கல்யாணத்தில் செண்டைப் பார்த்ததிலிருந்து பெண்ணுக்கு ஆசை. நானோ அந்தப் பண்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. அத்தையும் கண்டதில்லை. ஆனால் கேட்ட ஒரே பொருளைக் கொடுக்க முடியாதவன் அப்புறம் எந்த முகத்தோடு குடும்பம் நடத்துவது?

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சந்தேகம் வந்தால் கோயிலுக்குப் போய் முழங்காலில் நிற்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. அப்படி நின்றபோதுதான் சூசையப்பர் சுரூபத்தைப் பார்த்தேன். தினம் பார்க்கிற சுரூபம்தான். அன்றைக்குத்தான் கையைப் பார்த்தேன். நீளமான கோல், அதன் நுனியில் கொத்தாக வெள்ளைப் பூ, தோளோடு சாய்த்துப் பிடித்திருக்கிறார். மாதாவை மணமுடித்தவரே இப்படிப் பிடித்திருந்தால் வேறு சாட்சி எதற்கு? பெண் ஆசைப்படும் செண்டு இதுதான், பிடிக்க வேண்டியவன் மாப்பிள்ளைதான் என்று முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. சூசையப்பருக்கு மேல் யாரைக் கேட்பது?

பூ வாங்கப் போனேன். ஊருக்கு வெளியே நிலசம்பங்கி போட்டிருந்தவரிடம், தண்டோடு வேண்டும் என்றதும் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"தண்டோடவா? தண்ட வெட்டிட்டா நாளைக்கு பூக்கற பூவு எங்க பூக்கும், உன் தலையிலயா? உதிரியா வேணும்னா அள்ளிக்கினு போ."

உதிரிதான் என் கைக்கு எட்டும் விலை. ஆனால் காம்பில்லாத பூவை எப்படி நிறுத்துவது? மில்லில் என் கூட்டாளி கோதண்டம் ஒரு பூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உள்ள ஓட்டையாத்தானடா இருக்குது? ஈர்க்குச்சியில கோத்துடு. நடுவுல பச்சை வையி. வேப்பிலை மட்டும் வச்சிடாத, மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கெளம்பினாமாரி இருக்கும்."

என் அம்மா அன்றைக்குத்தான் கட்டியிருந்த புதுத் துடைப்பத்திலிருந்து உருவினேன். தடித்த பக்கமாக நுழைத்தால் பூ கிழிந்தது. மெல்லிய நுனியை எச்சில் தொட்டு நுழைத்தால், சொன்ன பேச்சைக் கேட்டது. அடியில் மொட்டு, மேலே விரிந்தது என்று கோத்துப் பார்த்தேன், ஏதோ தலைகீழாகத் தெரிந்தது. செடியில் எப்படி என்று மறுபடி போய்ப் பார்த்துவந்து மாற்றினேன். ஊடே மருக்கொழுந்து. எல்லாவற்றையும் மூங்கில் கோலின் நுனியில் வாழைநாரால் இறுக்கினேன்.

"கண்ணாலத்துக்கு முன்னாடியே தொடப்பம் காலி. வரப்போறவ எத்த வச்சிப் பெருக்குவா?" என்றாள் அம்மா.

கல்யாணத்தன்று காலை ரயிலில் பட்டாளத்துக்காரர்கள் கூட்டம். ஈரத்துணி சுற்றிய கோலை ஆண்டவர் புண்ணியத்தில் ஒடியாமல் விழுப்புரம் கொண்டுசேர்த்து, தோளில் சாய்த்துக்கொண்டு கம்பீரமாகப் பீடத்தின் முன்னால் போய் நின்றேன்.

பெண் வந்தாள். வெறுங்கையோடு வந்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள், கோலைப் பார்த்தாள். பின்னாலிருந்து அத்தையின் குரல்: "அடப்பாவி, அது பொண்ணு கையிலடா! இப்பத்தான் அவங்க அம்மா சொல்றாங்க!" பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "என்னப்பா, நீர்தான் சூசையப்பரோ?" என்றதும் ஆண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. அவள் கேட்ட ஒரே பொருள் ஊர் சிரிக்கும் பொருளாகிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, கோலும் அசையவில்லை.

அப்போது வளையல் போட்ட கை ஒன்று நீண்டது.

"குடுங்க. எவ்ளோ நேரம் நீங்களே தூக்கிக்கினு நிப்பீங்க?"

என் மனைவி என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். வாங்கினாள். அத்தனை நீளக் கோலை வேறு எப்படிப் பிடிக்க முடியும்? நான் பிடித்த மாதிரியே தோளில் சாய்த்துக்கொண்டாள். பூசை முடியும்வரை அப்படியே நின்றாள். சிரிப்பு தானாக அடங்கிவிட்டது.

பிறகு ஒருநாள் கேட்டேன், சட்டைக்காரப் பெண்ணின் செண்டு எப்படி இருந்தது என்று.

"குட்டையா, உருண்டையா, முட்டைகோசு மாதிரி. நம்மளுதுதான் மணத்துச்சு" என்றாள்.

அந்தச் சம்பங்கி நிலத்தில் இப்போது வீடுகள். சுரூபத்தையும் மாற்றிவிட்டார்கள். புது சூசையப்பர் கையில் தச்சரின் மூலைமட்டம் இருக்கிறது, பூ இல்லை. தோத்திரம் சொல்லும்போது என் கண் இன்னும் அந்தக் கைக்குத்தான் போகிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்த கல்யாணப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா தாத்தா, துப்பாக்கி மாதிரி புடிச்சிருக்கீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். அந்த பிளாஸ்டிக் செண்டை நான் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தேன். ஏன் என்று சொல்லாமலே தெரிந்துகொள்ளக்கூடியவள் ஒருத்திதான். அவளைக் கல்லறையில் வைத்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது.