பதினோரு பேர் வீட்டில் ஒரு சித்தப்பா

உறுவையாறு தணிகைவேலுக்கு நல்ல மீசை. ஊர்க் கூத்து ஜமாவில் பதினெட்டு வருஷம் வாயிற்காவலன் வேஷம் கிடைத்தது அந்த மீசையால். 1987இல் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு டி.வி. தொடர்க் கம்பெனி ஆள் அரைமணி நேரம் கூத்துப் பார்த்துவிட்டு அவரைப் பொறுக்கிக்கொண்டு போனதும் அதே மீசையால். ஆள் பேசுவானா என்று அவன் விசாரிக்கவில்லை.

தொடர் பதின்மூன்று வாரம். கூட்டுக் குடும்பக் கதை. ஒரு வீட்டில் பதினோரு பேர். எழுதியவருக்கு நாலு பேருக்குத்தான் வசனம் வந்தது. மீதி ஏழு பேரை எதற்குப் பெற்றுப் போட்டார் என்று தெரியவில்லை. வீடு நிறைந்து தெரிய வேண்டுமென்றால் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கலாம்.

தணிகைவேல் அதில் இரண்டாவது சித்தப்பா. அவருக்குப் பெண்டாட்டி உண்டா, என்ன வேலை, அந்த வீட்டில் எதற்காகச் சாப்பிடுகிறார், ஒன்றும் தெரியாது. முதல் வாரம் பேப்பர் படித்தார். இரண்டாம் வாரமும் அதே பேப்பர். மூன்றாம் வாரம் மூத்த மருமகள் அழும்போது பின்னால் நின்று தலையை ஆட்டினார்.

பக்கத்து வில்லியனூரில் ரேடியோக் கடை வைத்திருந்த ஜலாலுதீன் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடை டி.வி.யைத் தெருப்பக்கம் திருப்பி வைப்பார். உறுவையாற்று ஆட்கள் சைக்கிள் மிதித்து வந்து நிற்பார்கள். ஐந்தாம் வாரம் ஜலாலுதீன் கேட்டார்.

"இன்னா தணிகை, அந்த வூட்ல உனக்குச் சோறாவது போடறாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தணிகைவேலும் சிரித்துவிட்டு, பதினோராம் வாரம் பாகப்பிரிவினை வருகிறது, அதில் பேசப்போவது தான்தான் என்றார்.

அந்தப் பேச்சை அவர் அவ்வளவு நம்பியிருந்ததற்குக் காரணம் உண்டு. ராஜா வேஷம் கேட்டு ஜமா வாத்தியார் உலகநாதனை அவர் வருஷா வருஷம் நச்சரித்துக்கொண்டிருந்தார். டி.வி.யில் ஒரு காட்சி வாய் திறந்து பேசிவிட்டு வா, ஆடி மாதக் கூத்தில் கிரீடம் உனக்கு என்று வாத்தியார் ஊர் நடுவில் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷம் நேரில் பார்த்த ஆளை எடைபோட அவருக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி தேவைப்பட்டது.

படப்பிடிப்பில் அண்ணன் சொத்தைப் பிரிக்கிறான். சித்தப்பா எழுந்து, எனக்குப் பங்கு வேண்டாம், எல்லோரும் ஒன்றாக இருங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் கூத்தில் ஒரு முறை இருக்கிறது. காவலனே ஆனாலும் திரையை விட்டு வெளியே வந்தவன் தான் யார், எந்த ஊர், யாருக்கு மகன், என்ன காரியமாக வந்தான் என்று சபைக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவான். சொல்லாதவன் சபைக்கு வராதவன். தணிகைவேலுக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. விளக்கு எரிந்ததும் எழுந்து ஓரடி முன்னால் வந்தார்.

"அண்ணா, நான் யாரென்றால், இந்த வீட்டின் மூன்றாவது பிள்ளை. பேர்..."

அதோடு நின்றுவிட்டார். டைரக்டர் பக்கம் திரும்பினார்.

"என் பேரு இன்னா சார்?"

டைரக்டர் காகிதத்தைப் புரட்டினார். அதில் சித்தப்பா, நம்பர் இரண்டு என்றுதான் இருந்தது. பேரெல்லாம் வேண்டாம், வசனத்தைச் சொல்லுங்கள் என்றார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் நான் யாரென்றால். மூன்றாவது தடவையும் அதுவே வந்தது. பத்து வாரமாக அந்த மனுஷனுக்குப் பேர் வைக்கத் தோன்றாதவர்கள் அவரை அறிவுகெட்டவன் என்றார்கள். வசனத்தைத் தூக்கி மூத்த மருமகளிடம் கொடுத்தார்கள். அவளுக்கு ஏற்கெனவே ஏராளம் இருந்தது.

வசனம் போன கதை தெரியாத அவர் பெண்டாட்டி கனகாம்பாள், பதினோராம் வாரம் புருஷன் பேசுவதைக் கேட்கப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஜலாலுதீன் கடைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். டி.வி.யில் தணிகைவேல் எழுந்தார், வாயைத் திறந்தார். "சின்ன மாமாவுக்குப் பங்கு வேணாமாம் மாமா" என்று மருமகள் அழுதாள். தணிகைவேலின் வாய் திறந்தபடியே இருந்தது. கனகாம்பாள் தொடர் முடியும் முன்பே எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரம், சித்தப்பா காசிக்குப் போய்விட்டதாக ஒரு வேலைக்காரி சொன்னாள். அவளுக்கும் அவரைவிட வசனம் அதிகம்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் உலகநாதன் வேஷத்துக்கு ஆள் அமர்த்தும் வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். ராஜா வேஷம் ஜமாவிலேயே இருக்கும் வீரப்பனுக்கு என்று வந்ததும் சொல்லிவிட்டார். வீரப்பன் மெட்ராஸை எட்டிப் பார்த்தவன்கூட இல்லை.

"நான் பேசினேன் வாத்தியாரே. அவனுங்க வெட்டிட்டானுங்க."

"வெட்டினத யாருபா பாத்தா? ஊரு பாத்தது நீ நின்னததான்." வாத்தியார் தட்டை நீட்டினார். "ஆனா நல்லா நின்ன. பின்னால ஆளு நின்னாதான் ராஜா எடுப்பா தெரியறான். டி.வி.ய பாத்து ஒரு புது வேஷம் போட்டிருக்கேன். விசிறி வீசறவன்."

காவலன் வேஷம்கூட இல்லையா என்று தணிகைவேல் கேட்டார். அதற்கு வேறு ஆள் பார்த்தாயிற்றாம். விசிறிக்காரனுக்கு வசனம் உண்டா என்று கேட்டார். இல்லை, திரை கிடையாது, பேர் சொல்வதும் கிடையாது, ராஜாவோடு வந்து ராஜாவோடு போக வேண்டியது என்றார் வாத்தியார்.

அந்தத் தட்டை வாசலில் வீசியிருக்கலாம். தணிகைவேல் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

"ராஜாவுக்கு எந்தப் பக்கம் நிக்கணும் வாத்தியாரே?"