வேப் கடையில் குணம் அண்ணை

சிகரெட்டை விட்டபோது வாங்கிய என் பழைய வேப், அதாவது மின்சிகரெட், ஒழுகத் தொடங்கிவிட்டது. கொஞ்சம் நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று இன்று அஜின்கோர்ட்டில் ஒரு கடைக்குப் போனேன்.

கவுண்டரில் நின்ற தமிழ்ப் பிள்ளை, "அங்கிள், என்ன ஃபிளேவர்? மாங்கோ ட்ரை பண்ணுறீங்களா?" என்றாள்.

"பழைய சிகரெட் மணத்துக்குக் கிட்டவா ஏதும் இருக்கோ பிள்ளை?"

பின்னால் ஒரு குரல். "டேய் ரவி, நீ இன்னும் திருந்தேல்லையோ?"

திரும்பினால் குணம் அண்ணை!

கனடா வந்த புதிதில் இருவரும் ஒரே பெட்டி ஃபக்டரியில் வேலை. பிரேக் வந்ததும் பின்கதவால் வெளியே போவோம். அவர் லைட்டரைத் தட்ட, நான் இரண்டு கையாலும் பனிக்காற்றை மறைப்பேன். என் மனைவியைக் கனடாவுக்கு எடுக்கும் ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டபோது நான் அழுததும் அந்தக் கதவடியில்தான். சிகரெட்டை விட்டதும் அந்தப் பக்கம் போவது நின்றது. பிறகு வேலையும் மாறியது.

"நானும் விட்டிட்டன்ரா. மகள் புகைக்க விடேல்ல," என்றார். கையிலிருந்த வேப்பைக் காட்டினார். "ஆனா உதுக்கு நெருப்புக் கேட்டு ஒருத்தனும் கிட்ட வாறானில்லை."

கடைசியில் அந்த மாங்கோவையே வாங்கினேன். கார் பார்க்கிங்கில் நின்று, மாம்பழ மணத்தோடு ஒரு மணித்தியாலம் கதைத்தோம். சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறார்.

சிகரெட்டை விட்டதில் நெஞ்சு தேறியது உண்மை. கூட நின்று புகைத்த ஆட்களையும் சேர்த்து விட்டது நான் மட்டும்தானா?