தராசுக்காரரின் டாங்க்

பெட்ரோல் பங்கில் அவர் வண்டியை விட்டு இறங்கி, மீட்டருக்கும் தன் டாங்க்குக்கும் நடுவில் போய் நின்றுகொள்கிறார். ஒரு கண் ஓடும் எண்களில். இன்னொரு கண் குழாயைப் பிடித்திருக்கும் பெண்ணின் விரல்களில். "ஏம்மா, நடுவுல விடாதே. ஒரே மூச்சுல போடு. விட்டு விட்டுப் போட்டா காத்துதான் வரும்." அவள் முடித்த பிறகும் நகரமாட்டார். குழாயை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் சொட்டுகளையும் வாங்கிக்கொள்கிறார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். "அடிங்கய்யா, நல்லா அடிங்க. உங்க பேட்டரிதானே தீரப்போகுது" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார்.

இரண்டு ஹெல்மெட்டுகளையும் சுமந்துகொண்டு ஓரமாக நிற்கும் அப்பாவி நான். இருவரும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். நான் வேலை பார்க்கும் அச்சகம் அவர் போகிற வழியில் இருக்கிறது. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனதில், ஒரே வண்டியில் போய்ச் செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வது என்று பேசிக்கொண்டோம். அன்றிலிருந்து என் மானம் தினமும் பங்கில் கப்பலேறுகிறது.

கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்ப்பது அவருக்குத் தொழில். காய்கறிக் கடை, நகைக் கடை, பழைய இரும்புக் கடை என்று நாள் முழுக்க வண்டியிலேயே சுற்றுகிறார். கட்டடத்தில் அவருக்குப் பெயரே தராசுக்காரர்தான். எந்தத் தராசை எந்த இடத்தில் திருகினால் எவ்வளவு பொய் சொல்லும் என்று அத்தனையும் பார்த்துவிட்ட மனிதர். "எல்லா அளவும் பொய் சொல்லும் சார். சொல்ல வெக்கிறவன் ஒருத்தன் பின்னாடி இருப்பான்" என்பார். தொழிலோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. விலை ஏற ஏற, அந்தச் சந்தேகம் வியாதியாகி வீட்டுக்கும் வந்துவிட்டது.

மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு வரமாட்டார். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காருவார். "டெஸ்ட் பண்றேன்னு எடுத்துட்டுப் போய் அவன் மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வருவான்." பாலத்து இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உருட்டிப் போவார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் இரும்புக் கடைத் தராசில், "சும்மா டெஸ்டிங்குக்கு ஏறி நில்லுங்க சார்" என்றார். நானும் ஏறினேன். மறுநாள் மேட்டில் வண்டி திணறியதும், "உங்க எடை எனக்குத் தெரியும் சார். இன்னைக்கு அதுக்கு மேல இழுக்குது. பையில என்ன?" என்கிறார்! "புரூஃப் காகிதம்யா! வேணும்னா உடம்பை வீட்டுல வெச்சுட்டு வரட்டுமா?" என்று கத்திவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "சும்மாதான் கேட்டேன்" என்றார். அவர் எதையும் சும்மா கேட்டதில்லை.

வண்டியில் இருக்கும் பெட்ரோல் முள்ளையும் நம்புவதில்லை. மூங்கில் குச்சி ஒன்றில் கத்தியால் கோடு கோடாகக் கீறி வைத்திருக்கிறார். மாலையில் கட்டடத்துக்குக் கீழே வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி நேராக நிறுத்தி, மூடியைத் திறந்து குச்சியை விட்டு, ஈரம் எந்தக் கோடு வரைக்கும் என்று பார்த்துக்கொண்டு மேலே போவார். காலையில் மறுபடியும் ஒருமுறை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு காலை என் கதவைத் தட்டினார். முகம் செத்துப்போயிருந்தது. "குறையுது சார். தினமும் குறையுது. நேரா நிறுத்திட்டுப் போறேன், காலையில சைடு ஸ்டாண்டுல சாஞ்சு நிக்குது. எவனோ தொடுறான்."

எவனோ என்று சொன்னாரே தவிர, மனதில் ஓர் ஆள் ஏற்கெனவே இருந்தான். அவர் மனைவியின் ஒரே தம்பி, வேலை தேடி வந்து அவர்களோடு தங்கியிருந்தவன். அந்த அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. இண்டர்வியூவுக்குப் போய்வர இவரேதான் வண்டியின் இன்னொரு சாவியை அவனிடம் கொடுத்திருந்தார். பார்சல் கிடங்கில் வேலை கிடைத்த பிறகு, விடிவதற்குள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

"அந்தப் பையில என்ன சார் போகுது?"

"சாப்பாடு போகும்."

"பாட்டில் போனாலும் தெரியாதே."

வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சந்தேகப்படுகிற ஆள் கேட்கமாட்டார், கண்காணிப்பார். ஒரு விடியற்காலை வண்டியை முதல் கியரிலேயே ஊர விட்டு, மைத்துனனைக் கிடங்கு வரைக்கும் பின்தொடர்ந்திருக்கிறார். திருட்டுப் போனதைவிட அன்றைக்குத் துரத்தியதில்தானே பெட்ரோல் அதிகம் என்றேன். "அது என் செலவு சார். இது எனக்குத் தெரியாம போறது" என்றார். சரி, என்னதான் கண்டீர்கள்? "அவ்வளவு தூரமும் நடந்தே போறான். பஸ் காசை மிச்சம் பிடிக்கிறான். எதுக்கு?" தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை வைத்துக்கொண்டே, "அந்தச் சாவி என்கிட்டயே இருக்கட்டும்ப்பா. காலம் சரியில்ல" என்றார். பையன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "வண்டியைத் தொட்டே ரொம்ப நாளாச்சு மாமா" என்றான்.

"என் தம்பியைத் திருடன்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி.

"நான் யாரையும் சொல்லலையே."

"வாயைத் திறந்து சொல்லிட்டாக்கூடத் தேவலை."

மறுநாளே அவன் கிடங்குப் பையன்களோடு தங்கப் போய்விட்டான். அக்கா போன் செய்தால், "வேலையில இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுவான். அவள் புருஷனுக்குச் சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், பேச்சு இல்லை. அவள் சாப்பிடுவதும் பாதியாகிவிட்டது. பெட்ரோல் மட்டும் குறைந்துகொண்டேதான் இருந்தது. "அவன்தான் இல்லையே, இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். "வேற சாவி போட்டு வெச்சிருப்பான்" என்றார். அன்றைக்கு எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவே இல்லை.

அவசர வேலை என்று அச்சகத்தில் கூப்பிட்டிருந்ததால் ஒருநாள் இருட்டோடு கீழே இறங்கினேன். அவர் மனைவி வாளியும் துடைப்பமுமாக, மூச்சு வாங்க அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"கீழ்வீட்டம்மா காலி பண்ணதுலேர்ந்து இந்த இடத்தை நான்தானே கழுவறேன்? வண்டியை நகர்த்தாம எப்படிண்ணா கழுவறது? மறுபடி அவரை மாதிரித் தூக்கி நிறுத்த எனக்குப் பலம் ஏது? சாய்ச்சு விட்டுட்டுப் போயிடுவேன்."

எனக்குப் பொறி தட்டியது. அச்சகத்தை மறந்துவிட்டு மேலே ஓடி அவரை எழுப்பினேன். முழுதும் கேட்டார். "அவ சொல்லச் சொன்னாளா?" என்றார். ஆனாலும் குச்சியை எடுத்துக்கொண்டு வந்தார்.

சாய்ந்திருந்த வண்டியில் குச்சியை விட்டார். குறைவு. தூக்கி நேராக நிறுத்திவிட்டு விட்டார். நேற்று மாலைக் கோட்டில் ஈரம் நின்றது. மறுபடி சாய்த்தார், மறுபடி தூக்கினார். வண்டி இடப்பக்கம் சாயும். அந்த டாங்க்கில் மூடி கொஞ்சம் வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. பெட்ரோல் எங்கேயும் போகவில்லை, சாய்ந்த பக்கம் ஒதுங்கியிருந்தது. எந்தக் கடையில் எந்தத் தராசைத் தொட்டாலும், முதல் வேலையாக அது சமமாக நிற்கிறதா என்று பார்க்கிறவர் அவர். குச்சியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மனைவி வாளியைக் கீழே வைத்தாள். "போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள். இத்தனை நாளில் அவரிடம் அவள் பேசியது அதுதான்.

"தனியா போனா வரமாட்டான் சார்" என்று மாலையில் என்னையும் கிடங்குக்கு இழுத்துப் போனார். பையன் சட்டையெல்லாம் தூசியாக வெளியே வந்தான். மன்னிப்பு என்ற சொல் இவர் வாயில் வந்தால்தானே? "உங்க அக்கா சரியா சாப்பிடறதில்ல" என்றார். பிறகு, "வண்டி சாஞ்சு நின்னிருக்குப்பா. அதான்" என்றார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தான். வண்டிப் பக்கம் வருமுன் ஜிப்பைத் திறந்து, பையை அவர் முன்னால் நீட்டினான்.

"பாத்துக்கோங்க மாமா."

அவர் உள்ளே பார்க்கவில்லை. ஜிப்பை அவரே மூடினார். "மூணு பேர் ஏறினா இழுக்காது. நீங்க பஸ்ல வந்துடுங்க சார்" என்றார் என்னிடம், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

பையன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். வண்டியின் எதன்மேலும் கை படாதபடி, இரண்டு கைகளாலும் பையை மார்போடு கட்டிக்கொண்டான். அவர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். வண்டியைக் கிளப்பவில்லை. கையைப் பின்னால் விட்டு, அவன் வலக்கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்து, உள்ளங்கை முழுக்கப் படும்படி டாங்க் மூடியின் மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.