பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெயர்

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சட்டம் என்றால் பயம் இல்லை, பழக்கம். ஆள் நடமாட்டமே இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். "நம்ம வீட்டு பாத்ரூமுக்கே வரிசையில நிக்கிற மனுஷன்" என்பாள் மனைவி.

தனி ஆட்கள் வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவில் அவரை இழுத்துவிட்டவர் அக்காள் கணவர். அத்தானுக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் தபால் ஆபீஸ் வேலை. இருவரும் முறையாக லைசென்ஸ் எடுத்து, இளவயது முதலே ஞாயிற்றுக்கிழமை தோறும் வானொலியில் வம்பளந்தார்கள். வம்பு தீர்ந்த பிறகுதான் மிகத் தாழ்ந்த அலைவரிசை என்ற கிறுக்குப் பிடித்தது. அந்த அலை நிலத்தை ஒட்டியே ஊர்ந்து மலையையும் தாண்டிவிடும், ஆனால் மகா சோம்பேறி. அதில் பேச முடியாது. மோர்ஸ் தந்திக் குறியில் ஒரு புள்ளியை அனுப்பவே நிமிஷக்கணக்கில் ஆகும். காதால் கேட்கவும் வழியில்லை. எதிர்முனையில் கம்ப்யூட்டர் திரையில் மெல்லிய கோடாக விழுவதைக் கண்ணால் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

அத்தானுக்கு அந்தக் கண்தான் போய்க்கொண்டிருந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"முழுசா இருட்டறதுக்குள்ள உன் கோட்டை ஒரு தடவை பார்த்துடணும் மாப்ள" என்றார் அத்தான். உடனே, "திருட்டுத்தனமா அனுப்பிடாத. ரெண்டு பேர் லைசென்சும் போயிடும்" என்றும் சேர்த்துக்கொண்டார். ஜாடிக்கேற்ற மூடி.

மெக்கானிக் மொட்டை மாடியில் கம்பி கட்டினார். பிளாஸ்டிக் டிரம்மில் செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றினார். சுவிட்சைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சாதாரண லைசென்சில் அந்த அலைவரிசை கிடையாது, தனி அனுமதி வேண்டும்.

அனுமதி தரும் அலுவலகம் நாலாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. பொத்தானை அழுத்தியதும் வந்த சத்தத்திலேயே என்ன கோளாறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வேறு கம்பெனி லிஃப்ட், கைவைக்க அவருக்கு உரிமை இல்லை. மூட்டு வலியோடு படியேறினார்.

அதிகாரி நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வரலாம்.

"எல்லாம் சரியா இருக்குங்க. ஒண்ணுதான் இடிக்குது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நீங்க யாருன்னு உங்க அழைப்புக் குறியை அனுப்பணும். விதி."

"சார், இந்த அலையில அதை ஒரு தடவை அனுப்பி முடிக்கவே அரை நாள் ஆகும்."

"கொஞ்சம் வேகமா அனுப்புங்களேன்."

"வேகமா அனுப்பினா அங்க ஒண்ணுமே தெரியாது சார்."

"அனுப்பறது யாருன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?"

"நான்தான் சார். இந்த வேலையை வேற எவன் செய்வான்?"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். விலக்குக் கேட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடம் தூங்கியது. மெக்கானிக் விடுப்புப் போட்டுவிட்டு வந்து படியேறுவதும் இறங்குவதுமாக மாதங்கள் ஓடின. கப்பலுக்கும் விமானத்துக்கும் எழுதிய விதியைக் கொண்டுபோய் நத்தையின் தலையில் கட்டினால் நத்தை என்ன செய்யும்? கேட்க ஒரு நாதி இல்லை.

கடைசியில் பதில் வந்தது. "முடியாதுன்னுட்டாங்க. விதியையே மாத்தினாத்தான் உண்டு. அதுக்கு வருஷக்கணக்காகும். மன்னிச்சுக்கங்க" என்றார் அதிகாரி. மனதாரத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மெக்கானிக் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தார். களைப்பில் அழுகைகூட வரவில்லை. அத்தானிடம் மறைப்பது பாவம், சொல்லிவிடுவோம் என்று போனை எடுத்தார்.

அக்காதான் பேசினாள். "தம்பி! கோடு வந்துடுச்சுடா! காலையிலேயே வந்துடுச்சு!"

மொட்டை மாடிச் சுவிட்சை அவர் இன்னும் தொட்டதே இல்லை.

"அக்கா, நான் இன்னும்..."

அவள் குரல் தணிந்தது. "விடிஞ்சா எழுந்து திரை முன்னாடி உக்காந்துக்கறார்டா. தெரியுதா, தெரியுதான்னு என்னைக் கேட்டுட்டே இருக்கார். என்னால முடியல. ஏதோ ஒரு கோடு ஓடிச்சு, உன்னுதுன்னு சொல்லிட்டேன். மறுத்துடாதடா."

போன் கைமாறியது.

"மாப்ள, அனுமதி குடுத்துட்டாங்களா?"

பிறந்தது முதல் ஒரு விதியைக்கூட மீறாத மனிதர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"குடுத்துட்டாங்க அத்தான்."

"அப்பாடா." அத்தான் நீளமாக மூச்சு விட்டார். "அப்போ இந்தக் கம்ப்யூட்டரை மூடிடலாம்ல? கண்ணு ரொம்ப எரியுதுடா."

"மூடிடுங்க அத்தான்."