‘பாப்பம்’ என்று சொன்னவர்

2011ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டங்கள் தொடங்கிய நேரத்தில், ஜேர்மனியின் எசன் நகரில் நித்தியானந்தனுடைய பலசரக்குக் கடையின் பின்னறைக்குள் குணசேகரம் முதன்முதலாக நுழைந்தார். ஹம்பேர்க்கிலிருந்து குடும்பத்தோடு இடம்மாறி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அரிசி மூட்டைகளுக்கு மேலே தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்தவர்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

“பதினெட்டு வயசு. மீசை இன்னும் வடிவா முளைக்கேல்லை. கையெழுத்துப் போடமாட்டானாம், காசு காணாதாம்!” என்று நித்தியானந்தன் மேசையில் அடித்தார். பேச்சு, கழகத்தின் ‘ஃபெர்ட்ராக்’கை, அதாவது ஒப்பந்தத்தை, மறுத்த ஒரு இளம் ஆட்டக்காரனைப் பற்றியது.

“உம்மட கடையிலை குடுக்கிற சம்பளம் எண்டு நினைச்சீரோ?” என்றார் வாகன ஓட்டுநரான றெக்ஸ். “அவன்ரை கால் திறம். வாய்தான் கூட.”

“ஃபெர்ட்ராக் காலுக்குத்தானே, றெக்ஸ்? வாயை அடக்க ஒருத்தி வருவாள், பொறும்.”

அறை முழுதும் சிரித்தது. சொன்னவர் மட்டும் சிரிக்காமல், வாசலில் நின்ற புதியவருக்கு ஒரு வெற்றுப் பெட்டியை இழுத்துப் போட்டார். “இரும் தம்பி. எந்த அணி எண்டு இப்ப சொல்லாதையும், அடி விழும்.”

அவர்தான் ஜேசுரட்ணம். மன்னார் பேசாலையில் பிறந்து, எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து, ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலைபார்த்தவர். மனைவி கொறற்றி; பிள்ளைகள் இல்லை. சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய ஜேர்மன் மொழி அவருக்கு நன்றாக வாய்த்திருந்தது. ஊரவர்களில் யாருக்கு எந்த அலுவலகத்தில் ‘ரெமின்’, அதாவது சந்திப்புக்கு நேரம், குறித்திருந்தாலும், கூடப் போய் மொழிபெயர்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். விடுப்பு நாளென்றும் பாராமல் சலவைசெய்த வெள்ளைச் சட்டையோடு வந்து நிற்பார். “ஜேசு அண்ணை வந்தா அலுவல் முடிஞ்ச மாதிரி” என்பது அந்த வட்டாரத்தில் வழங்கிய பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு சிறுபிள்ளையின் மகிழ்ச்சி தெரியும்.

அவருக்கிருந்த இன்னொரு மகிழ்ச்சி, அந்தப் பின்னறையின் ‘தெரிவு’. ஒவ்வொரு ஆவணியிலும், பருவம் தொடங்குமுன், அங்கே கூடுபவர்கள் முறைவைத்து ஆளுக்கொரு இளம் வீரனைத் தெரிவுசெய்வார்கள். முதல் பிரிவில் இன்னும் ஒரு ஆட்டமும் ஆடாதவனாக அவன் இருக்கவேண்டும். ஒருவர் தெரிவுசெய்தவனை மற்றவர் தொடக்கூடாது. ஆண்டு முழுவதும் தாம் தெரிவுசெய்தவனுக்காக வாதாடுவதே விளையாட்டு. அவனுக்குக் காயம் பட்டால் இவர்கள் நொண்டுவார்கள். அவனுடைய ஒப்பந்தம் இழுபட்டால் இவர்களுக்கு உறக்கம் போய்விடும்.

2018இல் முதல் தெரிவு ஜேசுரட்ணத்துக்கு வந்தது.

“வேணுஜா குணசேகரம்,” என்றார்.

குணசேகரம் கையிலிருந்த தேநீரைச் சிந்தினார். வேணுஜா அவருடைய ஒரே மகள், பதின்மூன்று வயது, அவர்கள் குடியிருந்த பகுதியின் கழகத்தில் இடது பக்கம் ஆடுபவள்.

“அண்ணைக்குச் சலவைச் சவுக்காரம் தலைக்கேறீட்டுது,” என்றார் றெக்ஸ். “பொம்பிளைப் பிள்ளையைத் தெரிவு செய்யலாமோ?”

“சட்டத்திலை எங்கை அப்பிடி இருக்கு? முதல் பிரிவிலை ஆடினதில்லைத்தானே? பொறுத்துப் பாரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஜேசுரட்ணமோ ஞாயிறுதோறும் மழையிலும் மைதானத்துக் கம்பியருகே போய் நின்றார். அடுத்த இளவேனிலில், பெண்களுக்கான பெரிய கழகம் ஒன்றின் இளையோர் பயிற்சியாளர், லிண்ட்னர் என்ற அம்மையார், அதே கம்பியருகே வந்து நின்றார். ஆட்டம் முடிந்ததும், அந்தச் சிறுமியின் பெற்றோரோடு பேச வழியுண்டா என்று ஜேசுரட்ணத்திடம்தான் கேட்டார்.

அம்மையார் குணசேகரத்தின் வீட்டுக்கு வந்த செவ்வாய்க்கிழமை மாலையில் வேணுஜா பள்ளிச் சுற்றுலாவில் இருந்தாள். குணசேகரத்தின் மனைவி மங்கையற்கரசி முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தார். குணசேகரத்தின் ஜேர்மன் மொழி அவர் வேலைசெய்த பாண் தொழிற்சாலையின் வாசலைத் தாண்டாதது. ஆகவே ஜேசுரட்ணம் நடுவில் இருந்து மொழிபெயர்த்தார். கழகத்தின் விடுதியில் இடம், அங்கிருந்தே பள்ளி, பதினாறு வயதானதும் ஒப்பந்தம். ஓரிடம்தான் மிச்சம், இன்னொரு சிறுமியும் இருக்கிறாள், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தெரியவேண்டும். “உங்களுக்குச் சம்மதமா?”

குணசேகரத்தின் நெஞ்சு ‘ஓம்’ என்றுதான் சொன்னது. ஆனால் பெண்பிள்ளையைப் பற்றி ஒருவர் வாசல் தேடிவந்து கேட்டவுடன் ஓமென்று சொன்ன தகப்பனை அவர் அறிந்ததில்லை. அவருடைய தமக்கைமாருக்குச் சம்பந்தம் பேசி வந்தபோதும் முதல் நாளில் ‘பாப்பம்’ என்றே சொன்னார்கள். வந்தவர்கள் மறுபடியும் வந்து கேட்டார்கள். பிறகே சம்மதம் சொல்லப்பட்டது. அதுதான் மரியாதை, அதுதான் பிள்ளைக்கும் பெறுமதி.

“பாப்பம் எண்டு சொல்லுங்கோ, அண்ணை.”

ஜேசுரட்ணம் அவரைத் திரும்பிப் பார்த்தார். “குணம், இவை அதை வேறை மாதிரி விளங்குவினம். இவைக்கு ஓம் எண்டா ஓம், இல்லை எண்டா இல்லை.”

“விருப்பமெண்டா திருப்பிக் கேப்பினம்தானே. நீங்கள் சொல்லுங்கோ.”

குணசேகரம் சொன்னதைச் சொன்னபடியே ஜேசுரட்ணம் மொழிபெயர்த்தார். அம்மையார் தலையசைத்து, கைகுலுக்கிவிட்டுப் போனார்.

புதனும் வியாழனும் ஜேசுரட்ணம் தொலைபேசியில் கெஞ்சினார். “நான் எடுத்து ஓமெண்டு சொல்லிவிடட்டோ?” “வேண்டாம் அண்ணை. நாங்களா எடுத்தா விழுந்தடிச்ச மாதிரி இருக்கும். அவ கேக்கட்டும்.” வெள்ளிக்கிழமை முழுவதும் குணசேகரம் கைப்பேசியைக் கண்முன்னே வைத்துக் காத்திருந்தார். அது ஒலிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அவரே கேட்டுக்கொண்டு ஜேசுரட்ணத்தை அழைக்கவைத்தபோது, இடம் மற்றச் சிறுமிக்குப் போய்விட்டிருந்தது. குடும்பத்துக்கு விருப்பமில்லை என்று விளங்கிக்கொண்டதாகவும், அதை மதித்ததாகவும் அம்மையார் சொன்னார்.

அன்று மாலை சுற்றுலாவிலிருந்து திரும்பிய வேணுஜா பையை இறக்குமுன்னரே கேட்டாள்: “என்ன சொன்னவை?”

குணசேகரம் வாயைத் திறந்தார். சொல் வருவதற்குள், அங்கே வந்திருந்த ஜேசுரட்ணத்தின் குரல் முந்திக்கொண்டது.

“பிழை என்ரை, பிள்ளை. அப்பா ஓமெண்டுதான் என்னட்டைச் சொல்லிவிட்டவர். நான்தான் கடைசி நாளை மாறி விளங்கிப்போட்டன். அடுத்த கிழமை எண்டு நினைச்சன்.”

வேணுஜா அவர் பக்கம் திரும்பினாள். “மாமா, இத்தனை வருசமா இந்த நாட்டிலை இருக்கிறீங்கள். ஃப்ரைராக் எண்டா வெள்ளிக்கிழமை எண்டு தெரியாதா?” பின்பு தகப்பனின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அந்தப் பாரம் தோளில் இருக்கையில் குணசேகரத்தால் வாய்திறக்க இயலவில்லை. நாளை சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார்.

கதை கடைக்கு வந்தது. ஜேசுரட்ணம் பிழையாக மொழிபெயர்த்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் குலைத்தார் என்று அது பரவிற்று. ரெமினுக்குப் போக ஆட்கள் வேறொருவரைத் தேடினார்கள். வெள்ளைச் சட்டைக்கு வேலை குறைந்தது. ஆவணித் தெரிவின்போது றெக்ஸ், “அண்ணை, ஆரையும் தெரிவு செய்யாதேங்கோ. பாவம், அவனுக்கும் ஃபெர்ட்ராக் போயிடும்,” என்றார். அறை சிரித்தது. ஜேசுரட்ணமும் சிரித்தார். குணசேகரமும் சிரித்தார். அடுத்த ஆண்டு தெரிவுக்கு ஜேசுரட்ணம் வரவில்லை.

வேணுஜா அவரைத் தெருவில் கண்டால் மறுபக்கம் கடப்பாள். பதினேழு வயதில் கால்பந்தைக் கைவிட்டாள். பின்பு இயன்மருத்துவத்தில் ‘ஆவுஸ்பில்டுங்’ என்னும் தொழிற்பயிற்சியைத் தொடங்கினாள். தகப்பனோடு மட்டும் அவளுக்கு ஒட்டுதல் கூடியது. “நீங்கள் ஓமெண்டு சொன்னனீங்கள், அப்பா, அது போதும்,” என்பாள். அவள் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் உண்மை இன்னும் சொல்லக் கடினமானதாயிற்று.

2024இன் தொடக்கத்தில் ஜேசுரட்ணத்துக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. தாம் துணி வெளுத்த அதே மருத்துவமனையின் கட்டிலில் கிடந்தார். குணசேகரம் எப்படியும் பேசிவிடுவது என்ற முடிவோடு போனார். கட்டிலில் கிடந்தவர், ஒரு இளம் கோல்காப்பாளன் ஒப்பந்தத்தை நீடிக்க மறுப்பதைப் பற்றி, மூச்சு வாங்க வாங்க வாதாடினார். “அவன் போகட்டும் குணம். பொடியனை ஆடவிடாமல் வாங்கிலை இருத்தி வைச்சா ஆர் இருப்பான்?” பிறகு, “பிள்ளை இப்ப விளையாடுறாளோ?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை. விட்டிட்டாள்.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். குணசேகரம் கொண்டுபோன சொற்களைத் திரும்பக் கொண்டுவந்தார்.

பங்குனியில் ஜேசுரட்ணம் இறந்தார். தேவாலயப் பூசை முடிந்து அடக்கமும் ஆனபின், கொறற்றி வந்தவர்களுக்கு ஒவ்வொருவராக நன்றி சொல்லிக்கொண்டு வந்தார். குணசேகரத்தின் முன் வந்ததும் நின்று, அவருடைய கையைத் தமது இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தகப்பனுக்குத் துணையாக வந்திருந்த வேணுஜா பக்கத்தில் நின்றாள்.

“தம்பி, உங்கடை பிள்ளையின்ரை விசயத்திலை அவர் விட்ட பிழை எனக்கு இவ்வளவு காலமும் நெஞ்சுக்கை இருந்தது. நான் கேட்டா அவர், ஓம், என்ரை பிழைதான் எண்டு மட்டும் சொல்லுவார். அவருக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன். அவரை மன்னிச்சுவிடுங்கோ.”

“விடுங்கோ மாமி,” என்று வேணுஜா அவரை அணைத்துக்கொண்டாள். “அவர் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே. நான் எப்பவோ மன்னிச்சிட்டன்.”

குணசேகரம் அந்த இரு பெண்களுக்கும் முன்னால் நின்றார். தம்முடைய பேரைக் காத்த அந்த மனிதர், அந்தக் கடனை ஒருநாளும் தம்மிடம் திருப்பிக் கேட்டதில்லை. ஜேசுரட்ணம் தம் சொந்த மனைவிக்குக்கூட, அப்படியொரு கடன் உண்டென்று சொல்லாமலே போயிருந்தார்.