பிளக்கில் கட்டிய ஸ்பேனர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மரத்தில் குறி போட்டே பழகிய கை. கோடு நேராக வரும், எழுத்து வராது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். வாசிக்கிறவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டும். வாய்க்கால் பக்கமிருந்து வரும் காற்றில் தாள் பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு ஸ்பேனரை வைத்திருக்கிறேன். ஸ்பேனரில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. நூலின் மறுமுனை ரூட்டர் மிஷினின் பிளக்கில் முடிந்திருக்கிறது. பட்டறைக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். தொலைந்து போகாமல் இருக்க என்று சொல்லிவிடுவேன். அது முழு உண்மை இல்லை.

இந்த முடிச்சை முதலில் போட்டவர் மேஸ்திரி. சேரன்மகாதேவியில் அவருடைய தச்சுப் பட்டறையில் பதினெட்டு வருஷம் அவரோடு வேலை பார்த்தேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இரண்டு பேரும் வேலை தெரிந்தவர்களாகத்தான் சேர்ந்தோம். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. அவருக்கு வேகம், எனக்கு நிதானம். அவர் ஓயாமல் பேசுவார், நான் பேசமாட்டேன். ஆள் வந்தால் நான் மரத்தைத் திருப்பிப் போடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "இவன்கிட்ட ஒரு வார்த்த வாங்குததுக்குள்ள ஒரு கதவ செஞ்சிரலாம்வே" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பயந்தே நான் விழுங்கிய வார்த்தைகள் உண்டு. அதில் ஒன்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ரூட்டர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கையில் பிடித்து ஓட்டும் மிஷின் அது. அடியில் ஒரு தட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டு. பிட்டின் நுனியில் வெட்டும் வாய், மேலே வழவழப்பான தண்டு. அந்தத் தண்டை மிஷினுக்குள் இருக்கும் கவ்வி பிடித்திருக்கும். கதவில் பூ வளைவு, சட்டத்தில் பலகை உட்காரும் தவாளிப்பு, பூட்டுக்குக் குழி எல்லாம் இதில்தான். சுற்றும்போது பிட்டு கண்ணுக்குத் தெரியாது. ஒரு மங்கலான நிழல் மாதிரி இருக்கும். சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். உளி வழுக்கினால் கீறும். இது வழுக்கினால் மரம் எது விரல் எது என்று பார்க்காது.

மேஸ்திரிக்கு இதெல்லாம் எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மிஷினைத் தொடமாட்டார். கையுறை போடமாட்டார். பிட்டு அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும் என்பார். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகுதான் ஓட்டுவார். பிட்டு சுற்றும் பக்கத்துக்கு எதிராகத்தான் தள்ளுவார். கூடவே போனால் மிஷின் நம்மை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். ஆழமாக வெட்ட வேண்டுமென்றால் ஒரே அடியாக இறக்காமல் நாலு தடவையாகப் பைய இறக்குவார். எல்லாம் சரிதான். ஆனால் யாராவது நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குள் வேறொரு ஆள் வந்துவிடுவார்.

அன்றைக்கு நின்று பார்த்தவர் ஆழ்வார்திருநகரியில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார். தலைவாசல் கதவு. பால்காய்ப்புக்கு மூன்று நாள்தான் இருந்தது. பூட்டுக்குக் குழி எடுக்க வேண்டிய வேலை மட்டும் பாக்கி. கதவைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். பூட்டு பெரிசு, பிட்டு குட்டை. பாதிக் குழியிலேயே பிட்டின் நீளம் தீர்ந்துபோயிற்று. நீளமான பிட்டு வாங்க வேண்டுமென்றால் திருநெல்வேலி டவுணுக்குப் போய்வர வேண்டும். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேஸ்திரி கவ்வியைத் தளர்த்தி, பிட்டைக் கீழே இழுத்து மறுபடி இறுக்கினார்.

தண்டு எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. முக்கால் பங்காவது கவ்விக்குள் இருக்க வேண்டும். அடிவரை தள்ளி, ஒரு நூல் அளவு திரும்ப இழுத்து இறுக்க வேண்டும். அன்றைக்குத் தண்டின் பாதிக்கு மேல் வெளியே இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அந்த வெளித்தண்டு வெயிலில் பளபளவென்று மின்னியது. மேஸ்திரிக்கு அது தெரியாது என்று சொல்லமாட்டேன். அவர் பார்க்க விரும்பவில்லை. கதவின் விளிம்பு ஒடுக்கம், தட்டு ஆடியது. அதனால் இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அதையும் நான் பார்த்தேன்.

மேஸ்திரி, பிட்டு வெளிய நிக்கி. நாலு வார்த்தை. நாக்கில் வந்து நின்றது. வாத்தியார் நின்றார். அவர் முன்னால் நான் இதைச் சொன்னால் மேஸ்திரி என்ன பதில் சொல்வார், வாத்தியார் எப்படிச் சிரிப்பார் என்பது எனக்கு முன்கூட்டியே கேட்டது. கதவைத்தான் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். மிஷின் ஓடத் தொடங்கியது. முதலில் சத்தம் சரியாக இருந்தது. பிறகு அதற்குள் வேறொரு சத்தம் வந்தது, தகரத்தில் ஆணி உரசுவதுபோல. பிட்டு கவ்வியிலிருந்து நழுவி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு துள்ளல். மிஷின் அவர் கையிலிருந்து எகிறியது. அவர் கத்தவில்லை. "லே, அணை" என்று மட்டும் சொன்னார். நான் சுவிட்சை அணைத்தபோது இடது கை ஆள்காட்டி விரலின் மேல் கணு இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். ஆட்டோவில் அவர் கையை என் துண்டால் சுற்றி மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். வழியெல்லாம் அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். "நீ ஏம்லே இப்படி வெளிறிப் போய் இருக்க? வெரலு என்னோடதா, ஒன்னோடதா?" என்றார். நான் வெளிறியது இரத்தத்தைப் பார்த்து அல்ல. தண்டு வெளியே நின்றதை நான் கண்டது அவருக்கு அப்போது தெரியாது.

காயம் ஆறி ஒன்றரை மாதத்தில் வேலைக்கு வந்துவிட்டார். குட்டை விரலோடு பழகிக்கொண்டார். அதை வைத்துக் கேலியும் செய்வார். "ஒன்பதே முக்காலு வெரலுக்கு முழு வெரல் கூலியாலே கேக்குத?" என்று தன்னையே கேட்டுச் சிரிப்பார். ஒவ்வொரு தடவை அவர் அந்த விரலை நீட்டும்போதும் நான் தரையைப் பார்ப்பேன்.

இரண்டு வருஷம் போயிற்று. மழை முடிந்த ஒரு மத்தியானம். பலகைக்கடை அண்ணாச்சி அலமாரிக் கதவுகளை வாங்கிப் போக வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி ரூட்டரில் ஓரம் வளைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. எங்கள் பக்கம் இது புதிசில்லை. ஐந்து நிமிஷத்திலும் வரும், சாயங்காலமும் வரும். மிஷின் முனகி நின்றது. மேஸ்திரி அதைப் படுக்கவைத்து, "சும்மா இருக்கத நேரத்துல பிட்ட மாத்திருவோம்" என்று ஸ்பேனரை எடுத்தார்.

கரண்ட் இல்லாத மிஷினுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். நானும் எத்தனையோ தடவை அப்படி மாற்றியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் கண் சுவிட்சில் போய் நின்றது. அது தள்ளி விடுகிற சுவிட்ச். ஓட்டும்போது தள்ளி விட்ட இடத்திலேயே, அணைக்காமல் இருந்தது. பிளக் சுவர்ப் பலகையில் சொருகியபடியே இருந்தது. மேலே மின்விசிறி அசையாமல் தொங்கியது. மேஸ்திரி இடது கையால் பிட்டைப் பிடித்து, வலது கையால் கவ்வியைத் திருகினார். மரப்பிசின் ஏறிப் பிட்டு இறுகிக் கிடந்தது. குட்டை விரலும் கட்டைவிரலுமாக அதன் வெட்டுவாயையே பற்றி ஆட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஆன ஒருவனுக்கு இப்படி ஆகுமா என்று கேட்கலாம். ஆகும். வேலைப் பலகையைச் சுற்றிக்கொண்டு போனேன். சுவர் எட்டு அடி தள்ளி இருந்தது. தூளில் கால் வழுக்கியது. போய்ப் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னலே பண்ணுத?" என்றார் மேஸ்திரி.

நான் பிளக்கை இறுக்கிப் பிடித்தேன்.

"பாத்தியளா அண்ணாச்சி, கரண்டு போன நேரத்துல பிளக்கப் பிடுங்குதான். தண்ணி வராத கொழாய மூடுத கத."

அண்ணாச்சி வெற்றிலையோடு சிரித்தார். "கஞ்சப் பயலா இருப்பான்வே. மிச்சம் பிடிக்கான்."

"போடுலே அத. கரண்டு வந்தா ஒடனே ஓட்டணும்."

பிளக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனேன். பதினெட்டு வருஷத்தில் அவர் சொன்னதை நான் செய்யாமல் நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான். அவர் முகம் மாறியது. கேலி போய்விட்டது. அண்ணாச்சி முன்னால் நான் அவரை மதிக்கவில்லை என்று ஆகிவிட்டது. "போடுன்னு சொல்லுதேம்லா" என்றார், இந்தத் தடவை சத்தமில்லாமல். கை இன்னும் பிட்டில்தான் இருந்தது. என் உள்ளங்கை வியர்த்துப் பிளக்கின் பித்தளைக் கால்கள் வழுக்கின. இன்னொரு தடவை சொன்னால் போட்டுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. மின்விசிறி ஒரு முறை குலுங்கியது. பிறகு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. பலகை மேலிருந்த தூள் எழுந்து பறந்தது. மேஸ்திரி மேலே பார்த்தார். பிறகு கீழே, சுவிட்சைப் பார்த்தார். பிட்டைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தார். சுவிட்சைக் கட்டைவிரலால் தள்ளி அணைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

அண்ணாச்சி போகும்வரை காத்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அன்னைக்கும் நீ கண்டியாலே?"

எதைக் கேட்கிறார் என்று சொல்லத் தேவையில்லை. இப்படிப் பார்க்கிற கண் அன்றைக்கு மட்டும் எப்படிப் பார்க்காமல் இருந்திருக்கும் என்று அவர் அந்த நிமிஷத்தில் கணக்குப் போட்டிருக்கிறார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"கண்டேன் மேஸ்திரி" என்றேன். "தண்டு வெளிய நின்னுச்சு."

பலகை மேலிருந்த தூளைக் குட்டை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். ஓயாமல் பேசுகிற ஆள் பேசாமல் இருப்பது எவ்வளவு பயங்கரம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கடைசியில், "சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனோ என்னமோ" என்றார். "ஆனாலும் நீ சொல்லியிருக்கணும்லே."

எழுந்து போய் மரத்தில் கோடு போடுகிற சிவப்பு நூலில் கொஞ்சம் அறுத்து வந்தார். ஸ்பேனரைப் பிளக்கோடு சேர்த்துக் கட்டினார். குட்டை விரல் முடிச்சுக்கு உதவவில்லை. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இனி ஸ்பேனர் மிஷினுக்கு வர வேண்டுமென்றால் பிளக்கும் சுவரைவிட்டு வந்தாக வேண்டும். வேறு வழியில்லை. "ஒனக்கு வாய் வராது, எனக்குப் பொறுமை வராது" என்றார். "ரெண்டு பேருக்கும் சேத்து இது கெடக்கட்டும்."

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. பட்டறையில் எந்த மிஷினிலும் யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

போன வருஷம் மேஸ்திரி நெஞ்சுவலியில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது மேஸ்திரி மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்கள், என் பக்கத்தில் வந்தார்கள். "தம்பி, ரூட்டர் மிஷின ஒங்களுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லியிருந்தாக" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வெரலு எப்படிப் போச்சு? எத்தன தடவ கேட்டாலும், நான் பாக்காம விட்டுட்டேன்னு மட்டும்தான் சொல்லுவாக. நீங்க பக்கத்துலதான நின்னிய?" என்றார்கள்.

பத்து வருஷத்துக்கு மேல் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "அவசரம் அக்கா" என்றேன். மறுபடியும் மிச்சத்தை விழுங்கிவிட்டேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்கள். அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன்.

இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. வேலை ஓடவில்லை, சாக்குச் சொல்லவும் ஒன்றும் இல்லை. மிஷினின் சுவிட்ச் அணைந்திருக்கிறது. பிளக் என் தாளின் ஓரத்தில் ஸ்பேனரோடு கிடக்கிறது. நூல் நைந்து இரண்டு தடவை மாற்றிவிட்டேன். முடிச்சு மட்டும் அவர் போட்ட மாதிரியே போடுகிறேன். இந்தத் தாளை முதலில் வாசிக்க வேண்டியது அக்காதான். சொல்ல வராததை எழுதிக் கொடுப்பது கோழைத்தனம் என்று அவர்கள் நினைத்தால் அதுவும் சரிதான். அக்கா, நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே மின்விசிறி சுற்றத் தொடங்கிவிட்டது. முடிக்க வேண்டிய கதவு ஒன்று பலகையில் கிடக்கிறது. பிளக்கை இன்னும் சொருகவில்லை. இதை மடித்துக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்துவிட்டு வந்து சொருகுகிறேன்.

ஐப்பசி மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல்.