வயர் கழன்ற கணம்

அண்ணை கலியாண வீடியோ எடுப்பவர். வெளிநாட்டுச் சொந்தக்காரருக்காக நேரடி ஒளிபரப்பும் அவருடைய தொழிலில் சேர்ந்துகொண்டபோது, அதற்கான கணினி நிரலை நான் எழுதிக் கொடுத்தேன். மண்டபத்து இணையக் கேபிளும், அது போனால் உதவ, சிம் போட்டு இணையம் எடுக்கும் ஒரு டொங்கிளும் மடிக்கணினியில் செருகியிருக்கும்.

சண்டிலிப்பாயில் ஒரு கலியாணம். கெட்டிமேளம் தொடங்கும் நேரம் யாரோ கதிரையை இழுக்க, கேபிள் கழன்றுவிட்டது. நிரலுக்கு அது தெரியவில்லை. செத்த வயருக்குள் படத்தைத் தள்ளிக்கொண்டேயிருந்தது. அது டொங்கிளுக்கு மாறுவதற்குள் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்துவிட்டார்.

வீடு திரும்பி வாசலில் இறங்கும்போது அண்ணை, "தாலி கட்டினதைக் காட்டாத லைவ் என்னத்துக்குப் பிள்ளை?" என்றார்.

மறுநாள் காலையே உட்கார்ந்தேன். என் நிரல் இடைக்கிடை "லைன் இருக்கோ?" என்று பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பும். அடிக்கடி பார்க்க வைத்தால் கணினி சூடேறிப் படம் திக்கியது. வேறு வழி தேடி இயங்குதளத்தின் கையேட்டைப் புரட்டியபோதுதான் அந்தப் பகுதி கண்ணில் பட்டது. வயர் கழன்றதும் கணினிக்குள் இருக்கும் வலையமைப்பு அட்டை அதை உடனே இயங்குதளத்துக்குத் தெரிவிக்கிறது. இயங்குதளமும் அந்தச் செய்தியைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. எனக்கும் சொல் என்று முன்கூட்டியே பதிந்து வைத்த எல்லா நிரல்களுக்கும் அறிவிக்கிறது.

சின்னதாக ஒரு சோதனை நிரல் எழுதி, கேபிளைப் பிடுங்கினேன். கை விலகுமுன் திரையில் வரி விழுந்தது: இணைப்பு போய்விட்டது. செருகினேன். இணைப்பு வந்துவிட்டது. மறுபடி பிடுங்கினேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அண்ணையைக் கூப்பிட்டேன்.

"அது தானாச் சொல்லுதோ?"

"ஓம் அண்ணை. நாங்கள் போய்க் கேட்கத் தேவையில்லை. காதைக் குடுத்துக்கொண்டிருந்தாக் காணும்."

அவர் தானும் ஒருமுறை பிடுங்கிப் பார்த்தார். பிறகு இன்னொருமுறை.

ஒளிபரப்பு நிரலையும் அப்படிக் காதுகொடுக்கும்படி மாற்றினேன். ஒரு சிக்கல் மிஞ்சியது. கேபிளைத் திரும்பச் செருகியதும் நிரல் அதற்குத் தாவியது, படம் உறைந்தது. மத்தியானம் வரை தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது, வருபவை இரண்டு அறிவிப்புகள். வயர் பொருந்திவிட்டது என்பது முதலாவது. அந்த வயருக்கு இணைய முகவரி கிடைத்துவிட்டது என்பது பிந்தி வருவது. இரண்டாவது வரும்வரை பொறுக்கும்படி மாற்றினேன்.

"ஏன் பொறுக்கவேணும்?" என்றார் அண்ணை.

"பஸ் வந்திட்டுது எண்டதும் சீற் கிடைச்சிட்டுது எண்டதும் ஒண்டோ?"

அடுத்த கலியாணம் கொழும்புத்துறையில், தேவாலயத்தில். மணமகளின் தாய் கனடாவில் இருந்தார். விசாச் சிக்கலால் வர முடியவில்லை. "அம்மாக்கு நிக்காமல் தெரிஞ்சாக் காணும் அண்ணை," என்று மணமகள் முதல்நாளே அண்ணையிடம் சொல்லியிருந்தாள். நானும் போய்த் தூணருகே மடிக்கணினியோடு உட்கார்ந்துகொண்டேன்.

மணமகள் வாக்குறுதி சொல்லத் தொடங்கினாள். படம் எடுக்கப் பின்னால் நகர்ந்த ஒருவரின் காலில் கேபிள் சிக்கியது. அது உருவி விழுவதை நான் கண்ணால் கண்டேன். அந்தக் கணமே திரையில் வரி விழுந்தது, நிரல் டொங்கிளுக்கு மாறியது. ஆனால் கனடாவில் என்ன தெரிந்தது? ஒளிபரப்பு சில விநாடி பிந்தித்தான் போய்ச் சேரும். என் போனில் அதே ஒளிபரப்பைத் திறந்து, ஒரு காதில் இயர்போனை மாட்டியிருந்தேன். முன்னால் அவள் சொல்லி முடித்துவிட்டாள். காதில் அப்போதுதான் தொடங்கினாள். "இன்பத்திலும் துன்பத்திலும்..." படம் சற்று மங்கியது. "...உடல் நலத்திலும் நோயிலும்..." படம் தெளிந்தது. ஒரு சொல்லும் விழவில்லை.

பூசை முடிந்து வெளியே மணமகள் தாயோடு போனில் கதைத்தாள். சனத்தின் இரைச்சலில் ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"மோதிரம் போடேக்குள்ளை உன்ரை கை நடுங்கினது பிள்ளை. நான் பாத்தனான்."

ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் கமராவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சாப்பாட்டுக்கு நிக்கச் சொல்லீனம். வா."

போனேன். ஆனால் சந்தோசத்தில் எனக்குப் பசிக்கவேயில்லை.